நான்கு பேருக்கு நூற்றெண்பது இருக்கை

யார் பேசினாலும் குறுக்கே ஒரு சொல் போடாமல் கேட்கும் பொறுமையோடு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களே. அவருக்கு வலப்புறம் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டிருக்கும் பதிவாளர் அவர்களே. இடப்புறம் அமர்ந்து ஒன்றையும் குறிக்காமல் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் நிதி அலுவலர் அவர்களே. இந்தக் கட்டடங்கள் கூரை காணாத காலத்திலேயே இங்கே பாடம் நடத்தி, ஓய்வு பெற்றும் ஓயாமல் முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே. பிள்ளை படிக்கிற படிப்பு அடுத்த ஆண்டு இருக்குமா இருக்காதா என்று நேரில் கேட்டுப்போக, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. தாய்மார்கள் சொன்னதால் வந்திருக்கும் தந்தைமார்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மாணவ மணிகளே. உங்கள் அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

மைக் இரைகிறதா? அண்ணா, கொஞ்சம் குறையுங்கள். இப்போது சரி.

நான் யார்? பேராசிரியரா? இல்லை. சங்கத் தலைவியா? இல்லை. இந்த மேடையில் இதுவரை பேசியவர்களைப் போலப் பட்டம் பெற்றவளா? ஒரே ஒரு பட்டம், அதுவும் அஞ்சல் வழியில். இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த வகுப்பு, எந்த நாள், எந்த மணி, எந்த அறை என்று கட்டம் கட்டமாக எழுதுகிறவள் நான். கால அட்டவணைப் பிரிவின் மூத்த எழுத்தர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலை. காலை எட்டு மணி வகுப்பு நான்காவது மாடியில், அது முடிந்த மறு நிமிடமே அடுத்த வகுப்பு எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் என்று வந்து, உங்களில் யாராவது மூச்சிரைக்க ஓடியிருந்தால், அந்தப் புண்ணியம் என்னைச் சேரும். சிரிக்கிறீர்கள். ஓடியவர்கள் சிரிக்கவில்லை, பாருங்கள்.

படிக்கிற காலத்தில் பேச்சுப் போட்டியில் மூன்று முறை பரிசு வாங்கியிருக்கிறேன். மூன்று முறையும் சுவர்க்கடிகாரம்தான் கொடுத்தார்கள். அதனால்தானோ என்னவோ, பேச்சு போய் மணி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இன்று அந்தப் பழைய பேச்சைத் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறேன். தடுமாறினால் பொறுத்தருள வேண்டும்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றைப் பார்த்தால் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. மின்தூக்கி ஏன் மூன்றாவது மாடியில் மட்டும் முனகுகிறது? பேராசிரியர்கள் ஏன் பச்சை மையைப் பூட்டி வைக்கிறார்கள்? என் மாமியார் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். தாய்மார்கள் நிறைந்த அவையில் அதைச் சொல்ல முடியாது. ஆனால், பெரியோர்களே, இன்று என்னை இந்த மேடைக்கு இழுத்து வந்ததும் அந்தக் குணம்தான்.

நிலைமை உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு நமக்கு வர வேண்டிய மானியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். நிதி அலுவலர் ஐயா கெட்டவர் அல்லர். கையில் இருக்கும் போர்வை சின்னது, மூட வேண்டிய கால்கள் அதிகம். எதை மூடுவது, எதை விடுவது? ஒரு விதி எழுதினார்கள். சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து படிக்கிறேன்: "ஒரு துறை நடத்தும் வகுப்புகளில் அமரும் மாணவர்கள் நாற்பதுக்குக் குறைவாக இருப்பின் அத்துறையின் படிப்புகளும் பணியிடங்களும் இவ்வாண்டோடு நிறைவுபெறும்." நியாயமான விதி. நான் குறை சொல்லவில்லை. விதிப்படி எண்ணினார்கள். பதினொரு துறைகள் பட்டியலில் வந்தன. ஆறாவது பெயர் நிலவியல் துறை. மூன்று ஆசிரியர்கள், ஓர் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் எத்தனை பேர்? நான்கு. எழுத்தாலும் எழுதி, எண்ணாலும் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்கள். நான்கு.

நானும் படித்தேன். உச்சுக்கொட்டினேன். தேநீர் குடிக்கப் போய்விட்டேன். ஆம், அவையோரே, உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அன்று எனக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

தேநீர்க் குவளையும் கையுமாக நான் நின்றபோது, எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தக் கல்லு டீச்சர் துறைல நாலே பேருதானா படிக்கறாங்க?"

"ஆமாக்கா, அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப திங்கக்கிழமை காலைல பெரிய கூடத்துல அவ்வளவு மண்ணையும் கொட்டிட்டுப் போறது யாரு? ரெண்டு வாளி அள்றேன்மா நானு. நாலு பேரு சேந்து உருண்டு பொரண்டாலும் அவ்ளோ மண்ணு விழாது."

அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தேநீர் இறங்கவில்லை. பெரிய கூடம் என்றால் நூற்றெண்பது இருக்கை. கல்லு டீச்சர் என்று பிள்ளைகள் அழைப்பது நிலவியல் துறைப் பேராசிரியை அம்மையாரை. நான்கு பேரை உட்கார வைக்க நூற்றெண்பது இருக்கையை எந்தப் பைத்தியக்காரி ஒதுக்குவாள்? ஒதுக்குகிற பைத்தியக்காரி இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள்தான் உங்கள் முன் நிற்கிறாள்.

இருக்கைக்குத் திரும்பி அட்டவணையைத் திறந்தேன். திங்கள், காலை எட்டு, பெரிய கூடம். துறை என்ற கட்டத்தில் கட்டடப் பொறியியல் என்று இருந்தது. நிலவியல் என்ற சொல்லே அங்கில்லை. அக்கா எதையோ மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று மூடிவிட்டேன். மூடினால் மட்டும் அடங்குமா? இரண்டு வாளி மண் இரண்டு நாள் என் தலைக்குள் கிடந்தது. மூன்றாவது நாள் திங்கட்கிழமை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சம் வகுப்புகளுக்காவது அறை எழுதியிருப்பேன். நடந்துகொண்டிருக்கிற ஒரு வகுப்புக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. என்ன தேவை? எனக்கு அறை என்றால் ஓர் எண். வகுப்பு என்றால் ஒரு கட்டம். ஆசிரியர் என்றால் ஒரு சுருக்கெழுத்து. அன்றுதான் முதன்முறையாக, எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நான் எழுதிய கட்டத்துக்குள் நானே நுழைந்தேன்.

என்ன கண்டேன்? உடைந்து கிடந்த நாற்காலிகள் போக மீதி எதிலும் இடமில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க பெயில் ஆகித் திரும்ப எழுதறீங்களா?" என்று அனுதாபத்தோடு கேட்டாள். இல்லையம்மா, வேடிக்கை பார்க்க வந்தேன் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். எண்ணினேன். வரிசை வரிசையாக எண்ணினேன், சரிபார்க்க மறுபடியும் எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று பேர்.

அமைதி, தம்பிகளே, அமைதி. கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கதை இருக்கிறது.

பேராசிரியை அம்மையார் உள்ளே வந்தார். கையில் இரண்டு மரத்தட்டுகள். பாடம் தொடங்கும் முன் ஆளுக்கு இரண்டு துண்டுக் கல் கைமாறிக் கைமாறி வந்தது. எனக்கும் வந்தது. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் ஒரே கனம், இரண்டையும் தேய்த்தால் ஒரே தூள். எது எது என்று கேட்டார். நூற்று அறுபத்து மூன்று பேரும் உருட்டிப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"கடிங்க" என்றார் அம்மையார்.

புதிதாய் வந்தவள் நான்தான் போலிருக்கிறது, மற்ற எல்லோரும் உடனே கடித்துவிட்டார்கள். முன்பல்லில் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். நானும் சுரண்டினேன். ஒன்று நறநறவென்றது. இன்னொன்று வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பல்லுக்கு வேற வேற" என்றார் அவர். "நறநறன்னு இருக்கறது வண்டல் கல்லு. வழவழன்னு இருக்கறது களிக் கல்லு. இந்த ரெண்டாவது ரகத்து மண்ணு மேல யோசிக்காம வீடு கட்டினீங்கன்னா, மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மூணாவது வருஷம் சுவத்துல கோணலா வெடிப்பு விடும். எல்லாரும் பெயின்ட் அடிக்கறவரைத் திட்டுவாங்க."

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக அந்தப் பெயின்ட் அடிக்கிறவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பாவம், அந்த மனிதர். அவர் இந்த அவையில் இருந்தால் மன்னித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் நான் கழித்த முதல் ஒரு மணி நேரம் அது.

வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொரு பிள்ளையையும் எந்தத் துறை என்று கேட்டேன். கட்டடப் பொறியியல் எண்பத்தெட்டு. வேளாண்மை நாற்பத்தொன்று. நீர்வளம் முப்பது. நிலவியல் நான்கு. ஆம், அந்த நான்கு பேர் உண்மைதான். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் நூற்று ஐம்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் யார் கணக்கு? காற்றா? நிழலா? நாற்காலிக்குப் போட்ட உறையா?

அம்மையாரின் பின்னாலேயே அவர் ஆய்வகத்துக்குப் போனேன். நீள மேசை, அதன் மேல் அட்டைப்பெட்டிகள். ஆய்வக உதவியாளர், முப்பது ஆண்டுகளாக அந்தக் கற்களைத் துடைத்து வைப்பவர், ஒவ்வொரு கல்லையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆயிரத்து நானூறு கற்கள். ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மாசக் கடைசில இந்த அறையைக் காலி பண்ணணும்னு கடிதம் வந்திருக்கு. கிடங்குல போடச் சொல்லிட்டாங்க. போட்டா பேர் எழுதின சீட்டெல்லாம் கரையான் தின்னுடும். சீட்டு போச்சுன்னா இது வெறும் கல்லு" என்றார். எந்த மாதத்தில் தன் வேலை முடிகிறது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதே மாதக் கடைசிதான், எனக்குத் தெரியும்.

அம்மையாரிடம் கேட்டேன். "அம்மா, உங்க வகுப்புல இத்தனை பேர் இருக்காங்களே, நாலுன்னு போட்டப்ப நீங்க ஏன் கேக்கல?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டேனே. பதிவுப்படி நாலுதான்னு பதில் வந்துச்சு. யோசிச்சுப் பாத்தேன், சரிதானே? அது அந்தந்தத் துறைப் பிள்ளைங்க. ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போறாங்க. எப்படி என் பிள்ளைங்கன்னு சொல்லிக்க முடியும்? மேல இருக்கறவங்க எண்ணிப் பாக்காமலா போட்டிருப்பாங்க?"

கேட்டீர்களா? மேலே இருப்பவர்கள் எண்ணியிருப்பார்கள் என்று கீழே இருப்பவர் நம்பினார். கீழே இருப்பவர்கள் சரியாக எழுதியிருப்பார்கள் என்று மேலே இருப்பவர்கள் நம்பினார்கள். நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன செய்தாள்?

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார்கள். ஐயா, ஐந்து நிமிடம் கொடுத்தீர்கள், தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லோருக்கும் நேரம் ஒதுக்கியவள் கேட்கிறேன், எனக்கு இன்னும் கொஞ்சம் ஒதுக்குங்கள். நன்றி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அட்டவணை எழுதப் புதிய மென்பொருள் வாங்கினார்கள். அதில் ஒரு வகுப்புக்கு ஒரு துறைதான் எழுதலாம். ஒரே மணியில், ஒரே அறையில் இரண்டு துறைப் பெயரைப் போட்டால் அந்தக் கட்டம் சிவந்துவிடும். சிவப்பு ஒன்று இருந்தாலும் மொத்த அட்டவணையும் அச்சுக்குப் போகாது. பழைய தாளில் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. பென்சிலால் நான்கு துறைப் பெயரையும் ஓரத்தில் பொடியாக எழுதிவிடுவேன். மென்பொருளுக்கு ஓரம் கிடையாது. அந்த ஆண்டு, வகுப்புகள் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, என் திரையில் முப்பத்தேழு சிவப்புக் கட்டங்கள். பதிவாளர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. என்ன செய்தேன்? சேர்ந்து படிக்கிற வகுப்பு ஒவ்வொன்றிலும் எந்தத் துறைக்குப் பிள்ளைகள் அதிகமோ அந்தத் துறையின் பெயரை மட்டும் போட்டேன். பாடம் நடத்துகிற துறை எது என்று கேட்கிற கட்டம் ஒன்று இருந்தது. அதிலும் அதே பெயரைப் போட்டேன். சிவப்பெல்லாம் பச்சையானது. அச்சுக்குப் போனது. பிரிவில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே செய்தேன். ஒன்பது ஆண்டுகள் அப்படியே செய்தேன்.

அந்தக் கட்டத்திலிருந்துதான், பெரியோர்களே, இந்த ஆண்டு தலை எண்ணினார்கள். நிலவியல் பெயரில் மிஞ்சியிருந்தவை அந்த நான்கு பேர் மட்டும் உட்காரும் வகுப்புகள்.

நிலவியல் துறைக்கு நான்கு என்று எழுதியவர் நிதி அலுவலர் அல்லர். பதிவாளர் அல்லர். எழுதியது இந்தக் கை. நூற்று ஐம்பத்தொன்பது பேரை அம்மையாரின் வகுப்பிலிருந்து வாரிக் கட்டடப் பொறியியல் வீட்டில் கொண்டுபோய் விட்டது இந்தக் கை. கட்டடப் பொறியியல் துறைக்கு அதிக மாணவர் என்று போன மாதம் பாராட்டுக் கடிதம் வேறு போயிருக்கிறது. அத்துறைத் தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஐயா, கழற்ற வேண்டாம், கண்ணாடியை மட்டும் துடைத்து வையுங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு கல்லாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தது கண்ணிலேயே நின்றது. இப்போதும் நிற்கிறது.

பட்டியலில் இருந்த மற்றப் பத்துத் துறைகளையும் பார்த்தேன். அதே குறுக்குவழி இன்னும் நான்கில் இருந்தது. ஆக ஐந்து துறைகளுக்கு நான் போட்ட எண் பொய். மீதி ஆறும்? அந்த ஆறுக்காகப் பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை. அவற்றில் உண்மையாகவே பிள்ளைகள் குறைவு. ஆனால் என் குணம் சும்மா இருக்குமா? அவற்றில் ஒன்றையும் போய்ப் பார்த்தேன். பழைய கையெழுத்துப் படிக்கும் வகுப்பு, இரண்டே இரண்டு மாணவிகள், ஓர் ஆசிரியர். மங்கிப்போன ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். சண்டை முடிவதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிட்டது; தாழ்வாரத்தில் நின்று மீதியைப் போட்டார்கள். அந்தத் துறையை வைப்பதா, மூடுவதா? எனக்குத் தெரியாது. அது என்னை விடப் பெரியவர்கள் யோசிக்க வேண்டியது. அவர்கள் தாழ்வாரத்தில் நின்ற அந்த நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவு அலுவலரிடம் போனேன். நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். இரண்டு முறை படித்தார்.

"பட்டியல் மேல போயிடுச்சேம்மா. அடுத்த வருஷம் திருத்திக்கலாம்."

"அடுத்த வருஷம் திருத்தறதுக்கு அந்தத் துறை இருக்காதே சார்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம பிரிவையே மூடிட்டு வெளில ஒரு நிறுவனத்துக்கிட்ட குடுக்கலாமான்னு பேச்சு நடக்குது, தெரியுமில்ல? இந்த நேரத்துல ஒன்பது வருஷமா தப்பா எழுதினேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா என்ன ஆகும்? உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை. பயந்தார். எனக்கும் பயம்தான். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேருந்து ஓட்டுநர், நீட்டி முழக்க மாட்டார்.

"எழுதிக் குடுத்தா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கறே? கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

இதோ, தலைவர் அவர்களே, அந்தக் கடிதம். என் கையெழுத்தோடு, தேதியோடு. ஐந்து துறைகளின் பழைய எண்ணும் புது எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். உங்கள் மேசையில் வைக்கிறேன். அட்டவணை எழுத இனி மனிதர் எதற்கு, வெளி நிறுவனத்தின் மென்பொருளே எழுதுமே என்று கேட்பீர்களானால், தாராளமாக எழுதும். என்னை விட வேகமாக எழுதும். நான் செய்த தவறையும் என்னை விட வேகமாகச் செய்யும். மேடையேறி ஒப்புக்கொள்வதற்கு மட்டும் நீங்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது என்ன? மானியத்தைக் கூட்டித் தாருங்கள் என்றா? அது உங்கள் கையிலும் இல்லை. எதையுமே மூடாதீர்கள் என்றா? அப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் வாக்கெடுக்கப் போகிறீர்கள். அந்த ஐந்து துறைகளையும் அன்றைய பட்டியலிலிருந்து எடுத்து வையுங்கள். திரையைப் பார்த்து எண்ணாதீர்கள், அறைக்குள் போய் எண்ணுங்கள். படிக்கட்டில் இடம் இருக்கும். கல் கொடுத்தால் கடியுங்கள். ஒரு துறை என்றால் என்ன? அதன் பெயரைப் பட்டத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் மட்டுமா? அதன் வாசல் வழியாக ஒரு மணி நேரம் நடந்து போய், இன்னொரு வாசலில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கிறார்களே, அவர்களும் சேர்த்தியா? அதைத் தெரிந்துகொண்ட பிறகு மூடுங்கள். தெரியாமல் மூடாதீர்கள்.

முடித்துவிட்டேன், ஐயா, மணியை அடிக்க வேண்டாம். ஒன்றே ஒன்று. எனக்கு ஓர் ஆசை. இந்த ஆசையை யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யப் போகிறேன்.

பேராசிரியை அம்மையார் அதோ, நான்காவது வரிசையின் ஓரத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த அவையில் இருப்பவர்களே, எந்த ஆண்டாகவும் இருக்கட்டும், எந்தத் துறையாகவும் இருக்கட்டும், அந்த அம்மையாரின் வகுப்பில் ஒரே ஒரு நாளாவது உட்கார்ந்தவர்கள், நான் எழுதிய அட்டவணையில் வேறு வீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

சுவரோரம் நிற்கிறவர்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள், நீங்கள் கையைத் தூக்குங்கள். ஆம், தம்பி, நீயும்தான். முன்வரிசையில் அந்த வெள்ளைச் சட்டைப் பொறியாளர். அவர் பக்கத்தில் அந்தத் தாய், நீங்களுமா? நீர்வளமா? எந்த ஆண்டு? இருக்கட்டும், நில்லுங்கள். வலப்பக்கம் ஒரு வரிசையே எழுந்துவிட்டது. மைக் அண்ணா, நீங்கள் எதற்கு எழுந்தீர்கள்? மைக் கம்பியைச் சரிசெய்யவா? இல்லையா? வேளாண்மை படித்தீர்களா? எனக்குத் தெரியாதே. யார் அது, கதவுப் பக்கம், தயங்கித் தயங்கி? சார். எங்கள் பிரிவு அலுவலர், அவையோரே. சார், நீங்கள் கட்டடப் பொறியியல் படித்தவர் என்று என்னிடம் சொல்லவே இல்லையே.

அம்மையார் ஏதோ சொல்கிறார், கொஞ்சம் அமைதியாக இருங்கள். என்னம்மா?

"எல்லாரும் உக்காருங்கப்பா. பின்னாடி இருக்கறவங்களுக்கு மேடை தெரியல."

அம்மா, மேடையில் பார்க்க ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு முறை எழுந்து திரும்பிப் பாருங்கள். மெதுவாக. பையை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், பிடித்துக்கொள்வாள். பாருங்கள். இவர்கள் எல்லாரும் உங்கள் பிள்ளைகள். சொல்லிக்கொள்ளலாம்.

எல்லோரும் அப்படியே நில்லுங்கள், உட்கார்ந்துவிடாதீர்கள். தலைவர் அவர்களே, பதிவாளர் அவர்களே, நிதி அலுவலர் அவர்களே, தயவுசெய்து இறங்கி வந்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் எண்ணினால் நான்கு என்றுதான் வரும்.

ஐந்து நிமிடம் கேட்டு அதற்கு மேல் எடுத்துக்கொண்டவளைப் பொறுத்த தலைமைக்கும், கேட்ட காதுகளுக்கும், நிற்கும் கால்களுக்கும் என் நன்றி. வணக்கம்.